இதயத்தில் சின்ன ஓட்டை, மூளையில் ஸ்ட்ரோக்: அடைக்கலாமா, வேண்டாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வருடங்களுக்கு முன் என் மைத்துனருக்கு 41 வயதில் ஸ்ட்ரோக் வந்தது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் நழுவியது, எடுக்கக் குனிந்தால் கை எழும்பவில்லை, தங்கச்சியைக் கூப்பிட வாயெடுத்தால் வார்த்தை குழறியது. ஒரு வாரம் எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகு, "ஹார்ட்ல ஒரு சின்ன ஓட்டை இருக்கு, அடைக்கிறதைப் பத்தி யோசிக்கலாம்" என்றார்கள். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று யாராவது ஒருவர் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். போனில் ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஒரு டாக்டரைக் கேள்வி கேட்டே களைப்பாக்கும் அளவுக்கு இதைப் படித்த ஆள், அவ்வளவுதான்.

நாற்பது வயதில் இதயத்தில் ஓட்டையா? அது குழந்தைகளுக்கு வருவதல்லவா?

நம்மூரில் "ஹார்ட்ல ஓட்டை" என்றதும் நினைவுக்கு வருவது உதடு நீலம் பாய்ந்த குழந்தை, பெரிய ஆபரேஷன், நன்கொடை கேட்டு ஒட்டிய நோட்டீஸ். இது அதுவல்ல. இதன் பெயர் பேட்டன்ட் ஃபோரமென் ஓவேல், சுருக்கமாக பி.எஃப்.ஓ. சுவரில் சதை இல்லாமல் போன ஓட்டை இல்லை இது, பூட்டாமல் விட்ட கதவு.

தாய் வயிற்றில் இருக்கும் குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் தொப்புள்கொடி வழியாக வந்து இதயத்தின் வலது மேலறையில் சேர்கிறது. வேலையில்லாத நுரையீரலைச் சுற்றிக்கொண்டு போவானேன் என்று, அதில் பெரும் பங்கு நேராக இடது மேலறைக்குத் தாண்டிப் போக நடுச்சுவரில் இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. அந்த வழிக்கு இடப்பக்கம் மெல்லிய சவ்வு ஒன்று கதவு மாதிரி நிற்கும். வலமிருந்து இடம் போகலாம், திரும்பி வர முடியாது. பிறந்து, வீறிட்டு, முதல் மூச்சை இழுத்ததும் நுரையீரலுக்குள் ரத்தம் பாய்ந்து இடப்பக்கம் அழுத்தம் கூடுகிறது, கதவு சாத்திக்கொள்கிறது. அடுத்த மாதங்களில் பெரும்பாலானோருக்கு அது சுவரோடு ஒட்டிப்போய்விடும்.

எல்லோருக்கும் ஒட்டுவதில்லை. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் 965 பேரின் இதயங்களைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்து 1984-இல் வெளியிட்ட ஆய்வில் 27 சதவீதம் பேருக்கு இது திறந்தே இருந்தது. சராசரி அகலம் 5 மில்லிமீட்டர்கூட இல்லை. அதாவது நாலு பேரில் ஒருவர். இதைப் படிக்கும் உங்களுக்கும் இருக்கலாம், எனக்கும் இருக்கலாம், பார்த்ததில்லை.

இதயத்தில் இருக்கும் கதவுக்கும் மூளையில் வரும் அடைப்புக்கும் என்ன சம்பந்தம்?

கால், இடுப்புப் பகுதிகளின் சிரைகளில் சில சமயம் ரத்தம் உறைந்து சின்னச் சின்னக் கட்டியாகும். (சிரை என்றால் புரியாதவர்களுக்கு: ஊசி போடும்போது நர்ஸ் "நரம்பே கிடைக்கல" என்று தேடுவாரே, அதுதான். மூளைக்குத் தகவல் கொண்டுபோகும் நரம்புக்கும் இதற்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு, ஸ்ட்ரோக் வந்த வீட்டில் நாம் படும் குழப்பம் கொஞ்சமில்லை.) அந்தக் கட்டி ரத்தத்தோடு மேலே வந்து வலது மேலறை, வலது கீழறை, அப்புறம் நுரையீரல் என்று போகும். நுரையீரல் ஒரு வடிகட்டி மாதிரி. சின்னக் கட்டி அங்கேயே சிக்கி, கரைந்தும் போய்விடும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது.

பூட்டாத கதவு உள்ளவர் அந்த நேரம் பார்த்து இருமுகிறார், தும்முகிறார், கனமாக எதையோ தூக்குகிறார், கழிப்பறையில் முக்குகிறார் என்று வையுங்கள். மூச்சைப் பிடித்து விட்ட நொடியில் வலப்பக்க அழுத்தம் கூடிக் கதவு திறக்கும். கட்டி வடிகட்டிக்குப் போகாமல் இடப்பக்கம் தாண்டி, மகாதமனி வழியாக மூளைக்குப் போய் ஒரு ரத்தக் குழாயை அடைத்துவிடும். இப்படி நடக்கக்கூடும் என்று ஜெர்மன் நோய்க்குறியியலாளர் யூலியஸ் கோன்ஹைம் 1877-லேயே எழுதிவிட்டார். உயிரோடு இருப்பவரிடம் இந்தக் கதவைப் பார்க்கும் வசதி வர அதற்கப்புறம் நூறு வருடம் ஆனது.

சமீபத்தில் பலர் கேள்விப்பட்டது அமெரிக்க மாடல் ஹெய்லி பீபரின் கதை. 2022 மார்ச்சில், 25 வயதில், காலைச் சாப்பாட்டின்போது கை மரத்துப் பேச்சு வராமல் போனது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது, ஆனால் அது தற்காலிக ஸ்ட்ரோக். கருத்தடை மாத்திரை, கோவிட், பாரிஸ் போய் உடனே திரும்பிய நீண்ட விமானப் பயணம் என்று காரணங்களை அவரே வீடியோவில் விளக்கினார். மூன்றும் ரத்தம் உறைவதற்குத் துணைபோகிறவை. பிறகு சோதித்தபோது பெரிய பி.எஃப்.ஓ. தெரிந்தது, அடைத்துவிட்டார்கள்.

நாலில் ஒருவருக்கு இருக்கிறது என்றால், ஸ்ட்ரோக்குக்கு அதுதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பாதிப் பேர் கேட்பதில்லை. ஓட்டை என்ற சொல்லைக் கேட்டதுமே "எப்ப சார் அடைக்கலாம்?" என்று போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

ஒரு தெருவில் திருட்டுப் போகிறது. அங்கே நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் பின்கதவு பூட்டுவதில்லை. திருட்டுப் போன வீட்டிலும் பின்கதவு திறந்திருந்தது என்பதாலேயே திருடன் அப்படித்தான் வந்தான் என்றாகிவிடாது. முன்பக்க ஜன்னல் உடைந்திருக்கிறதா, கூரை பிரிந்திருக்கிறதா என்று பார்த்து, வேறு எந்த வழியும் இல்லை என்றால்தான் பின்கதவைச் சந்தேகிக்க வேண்டும்.

ஸ்ட்ரோக்கில் முன்பக்க ஜன்னல் எது? கழுத்துத் தமனியில் கொழுப்பு அடைப்பு, மூளைக்குள் இருக்கும் குழாய்களில் சுருக்கம், கழுத்துத் தமனிச் சுவர் கிழிவது (கழுத்தை வேகமாகச் சொடுக்கினால்கூட இளம் வயதில் இது நடக்கும், சலூனில் சொடுக்கு எடுப்பவர்கள் கவனிக்கவும்), சர்க்கரையும் பிரஷரும் வருடக்கணக்கில் அரித்த சின்னக் குழாய்கள், ரத்தம் அதிகமாக உறையும் சில நோய்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற ஒழுங்கற்ற இதயத்துடிப்பு. அது வந்து வந்து போகும், ஆஸ்பத்திரியில் எடுத்த ஒரு ஈ.சி.ஜி.யில் மாட்டாது. அதற்காக ஹோல்ட்டர் என்ற கருவியை உடம்பில் மாட்டிவிட்டு நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் துடிப்பைப் பதிவு செய்கிறார்கள். இத்தனையும் தேடி ஒன்றும் கிடைக்காமல், கூடவே பி.எஃப்.ஓ. இருந்தால்தான் சந்தேகம் அதன் மேல் விழும்.

அதனால் "ஓட்டை இருக்கு, அடுத்த வாரம் அடைச்சிடலாம்" என்று இதய மருத்துவர் மட்டும் சொன்னால் போதாது. நரம்பியல் மருத்துவர் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து, இது வேறெங்கிருந்தோ கட்டி வந்து அடைத்த ஸ்ட்ரோக் மாதிரிதான் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இரண்டு பேரும் ஒத்துப்போவது அவசியம். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து நீங்கள் அவசரப்படாதீர்கள்.

இதற்கு மதிப்பெண் போடுவார்களாமே?

ஆமாம், ரோப் மதிப்பெண். 2013-இல் வந்தது, பத்துக்கு எவ்வளவு என்று. பிரஷர் இல்லாவிட்டால் 1, சர்க்கரை இல்லாவிட்டால் 1, முன்பு ஸ்ட்ரோக் வந்ததில்லை என்றால் 1, சிகரெட் இல்லாவிட்டால் 1, மூளையின் மேற்பட்டையில் பாதிப்பு இருந்தால் 1. மிச்சம் வயதுக்கு: முப்பதுக்குக் கீழ் 5, முப்பதுகளில் 4, நாற்பதுகளில் 3, ஐம்பதுகளில் 2, அறுபதுகளில் 1, எழுபதைத் தாண்டினால் பூஜ்யம். மதிப்பெண் கூடக் கூட, கதவுதான் குற்றவாளி என்ற சந்தேகமும் கூடும். உடம்பில் வேறு கோளாறே இல்லாத சின்ன வயதுக்காரருக்கு வேறு எதனால் ஸ்ட்ரோக் வந்திருக்கும் என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு.

என் மைத்துனருக்குப் போட்டுப் பார்த்தோம். வயதுக்கு 3, பிரஷர் 1, சர்க்கரை 1, முதல் ஸ்ட்ரோக் என்பதால் 1, மேற்பட்டையில் பாதிப்பு 1. சிகரெட்டுக்குப் பூஜ்யம், அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மொத்தம் 7. ஏழும் அதற்கு மேலும் என்றால் சந்தேகம் வலுவானது.

அதோடு கதவின் அமைப்பையும் பார்க்கிறார்கள். நிறைய ரத்தம் தாண்டுகிறதா, நடுச்சுவரே தளர்ந்து ஒவ்வொரு துடிப்புக்கும் இங்கும் அங்கும் புடைத்து ஆடுகிறதா என்று. மதிப்பெண்ணும் 7-ஐத் தொட்டு, இவற்றில் ஒன்றும் இருந்தால் "பெரும்பாலும் இதுதான் காரணம்". இரண்டில் ஒன்று மட்டும் என்றால் "இருக்கலாம்". இரண்டும் இல்லையென்றால் "சாத்தியம் குறைவு". இந்த மூன்று வகைப் பிரிவுக்கு பாஸ்கல் என்று பெயர். டாக்டரிடம் நீங்கள் எந்த வகை என்று தாராளமாகக் கேளுங்கள், இந்தப் பெயரைச் சொன்னால் அவருக்குப் புரியும்.

எக்கோவில் "நார்மல்" என்று வந்ததே, அப்புறம் எப்படி ஓட்டை?

மார்பின் மேல் ஜெல் தடவி எடுக்கும் சாதாரண எக்கோவில் பூட்டாத கதவு பெரும்பாலும் தெரியாது, அது சாத்தித்தானே கிடக்கிறது. அதற்கு பபுள் டெஸ்ட் செய்ய வேண்டும். சலைன் தண்ணீரோடு கொஞ்சம் காற்றைக் கலந்து இரண்டு சிரிஞ்சுகளுக்கிடையே வேகமாகத் தள்ளித் தள்ளி நுரைக்க வைத்துக் கைச் சிரையில் ஏற்றுவார்கள். திரையில் வலப்பக்க அறைகள் வெள்ளை வெள்ளையாக நிறையும். நுரையீரல் அந்தக் குமிழிகளை வடிகட்டிவிடும் என்பதால் இடப்பக்கம் கறுப்பாகவே இருக்க வேண்டும். "முக்குங்க... இன்னும்... இப்ப விடுங்க" என்பார்கள். விட்ட மூன்று துடிப்புக்குள் இடப்பக்கம் குமிழி தெரிந்தால் கதவு திறந்திருக்கிறது. இரண்டு மூன்று குமிழி வருவது வேறு, இருபது முப்பதுக்கு மேல் கொட்டுவது வேறு.

நரம்பில் காற்று ஏற்றுகிறார்களே, சினிமாவில் அப்படித்தானே கொல்வார்கள் என்று பயப்பட வேண்டாம், இது மிகக் குறைந்த அளவு.

சரியாக முக்கவில்லை என்றால் சோதனை தவறாக "இல்லை" என்று காட்டும், ஆகவே கூச்சப்படாமல் முக்குங்கள். கதவின் வடிவத்தைத் துல்லியமாகப் பார்க்க, தொண்டை வழியாக உணவுக்குழாய்க்குள் குழாய் விட்டு எடுக்கும் டி.இ.இ. எக்கோ உண்டு. கொஞ்சம் குமட்டும், மயக்க ஊசி போடுவதால் பலருக்கு நினைவே இருக்காது. தலையின் பக்கவாட்டில் டாப்ளர் (ஒலி அலையால் ரத்த ஓட்டம் பார்க்கும் கருவி) வைத்து மூளைக் குழாயில் குமிழிகளை எண்ணும் சோதனையும் இருக்கிறது. பீபருக்கு அதைத்தான் செய்தார்கள்.

அடைத்தால் உண்மையிலேயே பலன் உண்டா, இல்லை பணம் பிடுங்கும் வேலையா?

சந்தேகம் நியாயமானது. பல வருடங்கள் டாக்டர்களுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. பாஸ்டனில் 36 பேருக்குக் குழாய் வழியாக அடைத்த விவரம் 1992-இல் வெளியானது. அதற்கப்புறம் உலகம் முழுக்க அடைத்துத் தள்ளினார்கள், ஆனால் அடைத்தவர்களையும் அடைக்காதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு எதுவும் இல்லை. 2012-இல் முதல் பெரிய ஆய்வு வந்தது, பெயர் க்ளோஷர், 909 பேர். பலன் நிரூபணமாகவில்லை. அடுத்த வருடம் இன்னும் இரண்டு ஆய்வுகள், அவையும் தெளிவாகச் சொல்லவில்லை. அப்போது யாராவது என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

2017 செப்டம்பரில் நிலைமை மாறியது. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரே நாளில் மூன்று ஆய்வுகள் வெளியாயின, மூன்றும் அடைப்பதற்குச் சாதகம். பிரான்ஸ் முன்னின்று நடத்திய க்ளோஸ் ஆய்வில் அடைத்த 238 பேரில் சுமார் ஐந்து வருடங்களில் ஒருவருக்குக்கூட ஸ்ட்ரோக் வரவில்லை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை மட்டும் சாப்பிட்ட 235 பேரில் 14 பேருக்கு வந்தது. ரெட்யூஸ் ஆய்வில் அடைத்தவர்களில் 1.4 சதவீதம், அடைக்காதவர்களில் 5.4 சதவீதம். மூன்றாவது ரெஸ்பெக்ட், 980 பேர், முதலில் தெளிவில்லாமல் முடிந்த அதே ஆய்வை ஆறு வருடம் வரை தொடர்ந்து பார்த்தபோது ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ரெட்யூஸ், ரெஸ்பெக்ட் இரண்டுக்கும் பணம் போட்டது கருவி செய்யும் கம்பெனிகள், க்ளோஸுக்குப் போட்டது பிரெஞ்சு அரசு. அதனால் நான் க்ளோஸைத்தான் அதிகம் நம்புகிறேன். 2018-இல் கொரியாவிலிருந்து 120 பேரை வைத்து ஒரு சின்ன ஆய்வு வந்தது, அதுவும் இதே பக்கம்தான்.

முதல் ஆய்வு ஏன் தோற்றது? ஒன்று, அந்தக் கருவி சுமார், அதன் மேலேயே ரத்தம் உறைந்தது, துடிப்புக் கோளாறும் கூடுதல். இன்னொன்று, யாரைச் சேர்ப்பது என்பதில் அவ்வளவு கறாராக இல்லை. பிறகு வந்தவர்கள் கறாராக இருந்தார்கள், பலன் தெரிந்தது. முன்பக்க ஜன்னல் உடைந்த வீட்டில் பின்கதவுக்குப் பூட்டுப் போட்டு என்ன பயன்?

இதற்கு எண்களிலேயே சாட்சி இருக்கிறது. ஆறு ஆய்வுகளிலுமாக 3,740 பேரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு 2021-இல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் வருடத்துக்கு 1.09 சதவீதமாக இருந்த ஸ்ட்ரோக் 0.47 ஆகக் குறைந்தது. பாஸ்கல் வகையில் "பெரும்பாலும் இதுதான் காரணம்" என்ற பிரிவில் ஆபத்து பத்தில் ஒரு பங்காகிவிட்டது. "சாத்தியம் குறைவு" என்ற பிரிவில் பலனே இல்லை, துடிப்புக் கோளாறு மட்டும் கூடியது. ஒரே கருவி, ஒரே ஆபரேஷன், ஆள் மாறினால் பலனும் மாறுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடைக்காவிட்டாலும் பெரும்பாலோருக்கு மறுபடி ஸ்ட்ரோக் வருவதில்லை. க்ளோஸ் ஆய்வில் மாத்திரை மட்டும் சாப்பிட்ட 100 பேரில் ஐந்து வருடத்தில் சுமார் 94 பேர் நன்றாகத்தான் இருந்தார்கள். மிச்ச ஆறில் ஒருவராகிவிடக் கூடாதே என்பதற்குத்தான் அடைப்பது. 35 வயதுக்காரருக்கு முன்னால் இன்னும் நாற்பது வருடம் இருக்கிறது, வருடத்துக்கு ஒரு சதவீதம் என்பது அவருக்குச் சின்ன எண் இல்லை.

மாத்திரை மட்டும் போதாதா?

சிலருக்குப் போதும். ஆஸ்பிரின் மாதிரியான மாத்திரையோடு ஒப்பிடும்போதுதான் அடைப்பதன் பலன் தெளிவாகத் தெரிகிறது. வார்ஃபரின் போன்ற வலுவான ரத்த உறைவுத் தடுப்பு மருந்தோடு ஒப்பிட்டால் அவ்வளவு தெளிவில்லை, ஆனால் அதை இளம் வயதில் தொடங்கி ஆயுசுக்கும் சாப்பிட்டால் ரத்தக்கசிவு பயம் கூடவே வரும். ஏற்கெனவே வேறு காரணத்துக்காக அந்த மருந்தை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டியவர் என்றால், அடைப்பதில் கூடுதலாக எவ்வளவு கிடைக்கும் என்று டாக்டரைக் கேளுங்கள்.

நெஞ்சைப் பிளப்பார்களா?

இல்லை. வீட்டார் எல்லோரும் முதலில் கேட்டது இதைத்தான். வலது தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்குள்ள சிரைக்குள் ஒரு மெல்லிய குழாயை விடுகிறார்கள். அது மேலே போய் வலது மேலறைக்கு வந்து, அந்தப் பூட்டாத கதவையே தள்ளிக்கொண்டு இடது மேலறைக்குள் நுழைகிறது. குழாய்க்குள் மடங்கியிருக்கும் கருவி, இரண்டு சின்ன அப்பளத்தை நடுவில் குட்டைக் காம்பால் இணைத்த மாதிரி. நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டேனியம் கம்பியால் பின்னியது, எப்படி மடக்கினாலும் விட்டதும் பழைய வடிவத்துக்கே விரியும். முதல் அப்பளம் இடப்பக்கம் விரியும், பின்னால் இழுத்துச் சுவரோடு படிய வைத்து, இரண்டாவதை வலப்பக்கம் விரிப்பார்கள். நடுவில் கதவு நசுங்கிச் சாத்திக்கொள்ளும். இழுத்தும் தள்ளியும் அசைத்துப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் கருவியைக் கம்பியிலிருந்து கழற்றுவார்கள், அதுவரை சரியில்லை என்றால் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளலாம்.

கேத்லேபில் (இப்படிக் குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறை) ஒரு மணி நேரம் போல. பெரும்பாலும் மறுநாள் வீடு. சில மாதங்களில் இதயத்தின் உள்தோல் கருவி மேல் வளர்ந்து மூடிவிடும். கருவி தேய்வதில்லை, மாற்ற வேண்டியதில்லை.

ஆபத்தே இல்லையா?

இருக்கிறது, குறைவு. அதிகம் வருவது அந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்தான், க்ளோஸ் ஆய்வில் அடைத்தவர்களில் 4.6 சதவீதம், மற்றவர்களில் 0.9. முதல் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் வந்து தானாகவோ மருந்திலோ அடங்கிவிடுவதுதான் அதிகம். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டால் மனப்பிரமை என்று விட்டுவிடாமல் ஈ.சி.ஜி. எடுங்கள். தொடையில் ரத்தக்கசிவு வரலாம். கருவி நழுவுவது, அதன் மேல் ரத்தம் உறைவது, கிருமி தொற்றுவது, சுவரை அரிப்பது எல்லாம் அரிது, ஆனால் பூஜ்யம் இல்லை.

கவரிங் நகை போட்டால் காதும் கழுத்தும் அரித்துத் தடிக்கிறதா? அதற்கு நிக்கல் ஒவ்வாமை காரணமாக இருக்கலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டாக்டர்கள் கேட்க மறந்துபோவது இது.

அடைத்த பிறகு என்ன செய்யக் கூடாது?

முதல் சில மாதங்கள் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்து, பிறகு ஏதாவது ஒன்று வருடக்கணக்கில். "ஓட்டைதான் அடைச்சாச்சே" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறைய, அப்படிச் செய்யாதீர்கள். முதல் ஆறு மாதம் பல் பிடுங்குவதென்றால் பல் டாக்டரிடம் கருவி வைத்ததைச் சொல்லுங்கள், ஆன்டிபயாட்டிக் தருவார். சில நாள் கனம் தூக்காதீர்கள். ஆறு மாதம் போல் கழித்துத் திரும்ப பபுள் டெஸ்ட், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்குக் கதவு நன்றாக அடைபட்டிருக்கும், சிலருக்குத் துளிக் கசிவு மிஞ்சும். ஏர்போர்ட் சோதனையில் பிரச்சினை இல்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், அவர்கள் தரும் கார்டைக் காட்டுங்கள், அந்தக் கார்டைத் தொலைக்காதீர்கள். பழனி படி ஏறலாமா என்று என் அத்தை கேட்டார். நாலாம் மாதம் மைத்துனர் ஏறினார்.

எங்கள் அப்பாவுக்கு 68 வயது, ஸ்ட்ரோக் வந்து எக்கோவில் ஓட்டை தெரிந்தது. அடைக்கலாமா?

அவசரப்படாதீர்கள். பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் 60 வயதோடு நிறுத்திக்கொண்டன, அமெரிக்காவில் 2016-இல் முதல் கருவிக்கு அனுமதி கொடுத்தபோதும் 18 முதல் 60 என்றுதான் கொடுத்தார்கள். அந்த வயதுக்கு மேல் ஸ்ட்ரோக்குக்கு வேறு காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. முதலில் துடிப்பை நீண்ட நாள் பதிவு செய்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள், இருந்தால் மருந்தே வேறு. தேடியும் ஒன்றும் கிடைக்காமல், கதவும் பெரிதாக இருந்து, டாக்டர்கள் கூடிப் பேசி அடைப்பதும் உண்டு.

இஸ்ரேல் பிரதமர் ஏரியல் ஷரோனின் கதை பலருக்கு நினைவிருக்கலாம். 2005 டிசம்பரில், 77 வயதில், சின்ன ஸ்ட்ரோக். இதயத்தில் சிறு ஓட்டை தெரிந்தது, 2006 ஜனவரி 5-ஆம் தேதி அடைப்பதாக நாள் குறித்து, அதுவரைக்கும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தார்கள். அதற்கு முந்தின நாள் இரவு மூளையில் பெரிய ரத்தக்கசிவு. எட்டு வருடம் நினைவில்லாமல் கிடந்து 2014-இல் இறந்தார். அந்த மருந்து கொடுத்தது சரியா தவறா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது, நான் அதற்குள் போகவில்லை. வயதான மூளையில் ஒட்டுமொத்தக் கணக்கே வேறு என்பதற்காகச் சொன்னேன்.

ஸ்ட்ரோக் எதுவும் வந்ததில்லை. வேறெதற்கோ எடுத்த எக்கோவில் பெண்ணுக்கு பி.எஃப்.ஓ. என்று எழுதியிருக்கிறது. கல்யாணத்துக்கு முன் அடைத்துவிடலாமா?

வேண்டாம். உலகத்தில் நாலில் ஒருவருக்கு இருப்பதற்குக் கருவியும் வேண்டாம், கல்யாணத்தை நிறுத்தவும் வேண்டாம். மாப்பிள்ளைக்கும் எக்கோ எடுத்துப் பார்த்தால் தெரியும் சேதி. கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும், கர்ப்பமாகும்போதும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம், அவ்வளவுதான்.

ஒற்றைத் தலைவலிக்கும் இதை அடைக்கிறார்களாமே?

அதற்காக அடைக்காதீர்கள். பிரிட்டனில் மிஸ்ட் என்ற ஆய்வில் 74 பேருக்கு அடைத்து, 73 பேருக்கு அடைப்பது போல நடித்து மட்டும் பார்த்தார்கள். தலைவலி முழுக்க நின்றது இந்தப் பக்கம் 3 பேருக்கு, அந்தப் பக்கமும் 3 பேருக்கு. அந்த ஆய்வைப் பற்றிப் பொதுவில் கேள்வி எழுப்பிய பீட்டர் வில்ம்ஷர்ஸ்ட் என்ற இதய மருத்துவர் மேல் கருவிக் கம்பெனி மானநஷ்ட வழக்குப் போட்டு வருடக்கணக்கில் இழுத்தடித்தது, கடைசியில் 2011-இல் அந்தக் கம்பெனியே மூடிப்போனதால்தான் வழக்கு முடிந்தது. க்ளோஷர் ஆய்வில் தோற்ற கருவியும் அதே கம்பெனியுடையதுதான்.

அடைத்தாயிற்று. இனிமேல் ஸ்ட்ரோக்கே வராதா?

அந்தக் கதவு வழியாக வருவது பெரும்பாலும் நிற்கும். முன்பக்க ஜன்னல் ஜன்னலாகவேதான் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து வீரர் டெடி புரூஸ்கி 2005 பிப்ரவரியில், சாம்பியன் பட்டம் வென்ற சில நாட்களிலேயே ஸ்ட்ரோக் வந்து, பி.எஃப்.ஓ.வை அடைத்துக்கொண்டு அதே வருடம் அக்டோபரில் களத்துக்குத் திரும்பியவர். 2019 ஜூலையில் அவருக்கு இரண்டாவது முறை வந்தது. அறிகுறியைக் கண்டுகொண்டு உடனே ஆஸ்பத்திரி போனதால் தேறிவிட்டார்.

ஆகவே பிரஷரை வருடம் ஒரு முறையாவது பாருங்கள், சிகரெட்டை விடுங்கள் (மைத்துனர் விட்டுவிட்டதாகச் சொல்கிறார், நம்புகிறோம்), நீண்ட பஸ், விமானப் பயணத்தில் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து நடங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ தைலம் தேய்த்துக்கொண்டு, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி ஆரம்பித்ததிலிருந்து நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதனால் ஆம்புலன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்விக்கு, அதாவது "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாரு?" என்பதற்குப் பதில் சொல்ல ஒருவர் தயாராக இருங்கள்.